தந்தையும் மைந்தனும் தொடுத்த இசைமாலை

பழைய மாளிகையொன்றைத் திருத்தி அமைக்கப் புகுபவனுக்கு இருவகைப் பழி காத்திருக்கும். ஒன்றையும் மாற்றாது விட்டானாயின், வாங்கிய கூலிக்கு என்ன செய்தான் என்பர்; மாற்றிவிட்டானாயின், முன்னோர் கட்டியதைக் கெடுத்துவிட்டான் என்பர். கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த மாளிகைக்கே இந்நிலையெனில், உலகெங்கும் மக்கள் நெஞ்சிற் குடிகொண்ட பாடல்களைப் பிரித்தெடுத்துப் புதிதாகக் கோக்க முற்படுபவனின் நிலையை என்னென்பது! அத்தகைய அரும்பணி ஒன்றைத் தம் மைந்தரின் துணையுடன் எண்பதாவது வயதிற் செய்து முடித்தார் ஓர் ஆங்கில இசையறிஞர். அவர் பெயர் ஜோர்ஜ் மார்ட்டின். அவர்கள் புதிதாகக் கோத்தவை ‘பீற்றில்ஸ்’ என்னும் றொக் இசைக்குழுவின் ஒலிப்பதிவுகள். 2006-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வெளிவந்த அந்த இசைத்தொகுதியின் பெயர் ‘லவ்’ என்பது. அன்பு என்பது அதன் பொருள்.

பழையதைப் போற்றுதல் வேறு, பழையதைத் தீண்டாது பூட்டி வைத்தல் வேறு என்பதை இத்தொகுதி தெளிவாக உணர்த்துகின்றது. ஆதலின் அது பிறந்த வரலாற்றை இங்கு நாம் சற்று விரிவாக நோக்குவோம்.

நால்வரும் ஐந்தாமவரும்

இங்கிலாந்தின் துறைமுக நகரான லிவர்பூலிற் பிறந்த ஜோன் லெனன், போல் மக்கார்ட்னி, ஜோர்ஜ் ஹரிசன், ரிங்கோ ஸ்டார் ஆகிய நால்வரே பீற்றில்ஸ் குழுவினர். 1962 முதல் 1970 வரையுள்ள எட்டு ஆண்டுகளுக்குள் அவர்கள் பதிவுசெய்த பாடல்கள் உலகின் இளைஞர் இசையையே திசைதிருப்பின. அப்பாடல்களிற் பெரும்பாலானவை இலண்டனில் அபி வீதியிலுள்ள ஒலிப்பதிவுக்கூடத்திலேயே உருவாகின. அங்கே அவர்களின் பதிவுகளை நெறிப்படுத்தியவர்தாம் ஜோர்ஜ் மார்ட்டின். முறையாக மேலைச் சாஸ்திரிய இசை பயின்ற அவர், இசையை ஏட்டில் எழுதவும் படிக்கவும் பயிலாத அந்நால்வரின் கற்பனைக்கு உருக்கொடுத்தார். 1965-இல் ‘யெஸ்டர்டே’ என்ற பாடலுக்கு நான்கு தந்தி வாத்தியங்களைப் பக்கவிசையாக அமைத்தவர் அவரே.

1970-இற் குழு பிரிந்தது. 1980 டிசம்பர் 8-ஆம் நாள் நியூயோர்க் நகரில் லெனன் சுட்டுக் கொல்லப்பட்டார். 2001 நவம்பரில் ஹரிசன் நோய்வாய்ப்பட்டு மறைந்தார். ஆயினும் மறைவதற்கு முன் அவர் ஒரு வித்தை ஊன்றிச் சென்றார். கனடா நாட்டின் ‘சேர்க் டு சொலெய்’ என்ற வித்தைக் கலைக்குழுவை நிறுவிய கை லாலிபேர்ட்டே என்பவர் அவருக்கு நண்பர். பீற்றில்ஸின் பாடல்களைக் கொண்டு அக்குழு ஒரு காட்சியை அரங்கேற்றவேண்டும் என்ற எண்ணம் அந்த நட்பிலே முளைத்தது. ஹரிசன் மறைந்த பின்னர், எஞ்சிய இருவரான மக்கார்ட்னியும் ஸ்டாரும், லெனனின் மனைவியார் யோக்கோ ஓனோவும், ஹரிசனின் மனைவியார் ஒலிவியாவும் அதற்கு இசைவளித்தனர்.

காட்சிக்கு இசை வேண்டும். வேறு பாடகரைக்கொண்டு அப்பாடல்களைப் பாடுவித்தால் அது போலியாகும். பழைய இசைத்தட்டுக்களை உள்ளபடியே ஒலிக்கவிட்டால் அது புதிய காட்சிக்குப் பொருந்தாது. எனவே, அந்நால்வரின் பதிவுகளையே பிரித்து, அவற்றின் கூறுகளை வேறு வகையிற் கோத்துப் புதிய இசை அமைப்பது என்று முடிவாயிற்று. அப்பொறுப்பு ஜோர்ஜ் மார்ட்டினை வந்தடைந்தது. முதுமையில் அவருடைய செவிப்புலன் பெரிதும் குன்றியிருந்தது. இசைக்கே வாழ்ந்தவருக்கு இதனினும் கொடிய இழப்பு ஏது? 1969-இற் பிறந்த அவர் மைந்தர் கைல்ஸ் மார்ட்டின் தந்தையாருக்குச் செவியாக நின்றார். அனுபவம் தந்தையுடையது, கேள்வி மைந்தனுடையது. இருவரும் ஒருவராகி உழைத்தனர்.

வாய்க்கால்களும் வயலும்

இந்த வேலை எவ்வாறு இயன்றது என மாணவர் வினவக்கூடும். ஒலிநாடா ஒன்றிலே பல தடங்கள் உண்டு. ஒரே வயலுக்கு நீர் கொணரும் பல வாய்க்கால்கள் அருகருகே ஓடுவதுபோல, ஒரு தடத்திற் குரலும், இன்னொன்றிற் கிற்றாரும், மற்றொன்றில் முரசுமாக ஒலிகள் தனித்தனியே ஓடும். ஒரு வாய்க்காலை அடைத்து வேறொன்றைத் திறப்பதுபோலவே ஒரு தடத்தின் ஒலியை அடக்கி இன்னொன்றை உயர்த்தலாம். இவ்வாறு அளவறிந்து சேர்ப்பதையே கலவை என்பர். அக்கலவையே இசைத்தட்டாகி நம் வீட்டுக்கு வருகின்றது. பழைய தடங்களுக்குத் திரும்பிச் சென்று மறுபடியும் சேர்ப்பது மீள்கலவையாகும்.

பீற்றில்ஸின் தொடக்ககாலப் பதிவுகளில் இரண்டு தடங்களே இருந்தன. 1963-இன் பிற்பகுதியில் நான்கும், 1968-இல் எட்டும் அவர்களுக்குக் கிடைத்தன. நான்கும் போதாதவிடத்து, நிறைந்த தடங்களை ஒன்றாகக் கலந்து இன்னொரு நாடாவுக்குப் பெயர்த்து, அங்கு எஞ்சிய தடங்களிற் புதிய ஒலிகளைச் சேர்த்தனர். ஏட்டுச்சுவடியைப் பிரதிக்குப் பிரதி எழுதுந்தோறும் எழுத்துச் சிதைவதுபோல, இங்கும் பெயர்க்குந்தோறும் ஒலியின் தெளிவு சிறிது மங்கும். மீள்கலவை செய்வோர் முதற்பிரதியான நாடாக்களைத் தேடிச் செல்வதன் காரணம் இதுவே.

கைல்ஸ் செய்த முதற்காரியம் நாம் மனங்கொள்ளத் தக்கது. மூலநாடாக்களை எண்முறைக்குப் பெயர்த்து அவற்றின் பிரதிகளை முதலில் எடுத்துக்கொண்டார். வெட்டியதும் ஒட்டியதும் பிரதிகளிலேயாம். மூலம் அபி வீதியில் அப்படியே இருந்தது. அரிய சுவடியைப் பதிப்பிப்போன் மூல ஏட்டில் மை தீட்டுவதில்லை அன்றோ!

இரு பாடல் ஓருயிர்

தொகுதியில் 26 பகுதிகள் உள்ளன. ஏறத்தாழ 79 நிமிடம் ஒலிப்பன. அவை ராகமாலிகைபோல ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடர்வன. தொடக்கமே வியப்பைத் தருவது. ‘பிகோஸ்’ என்ற 1969-ஆம் ஆண்டுப் பாடலிலே லெனனும் மக்கார்ட்னியும் ஹரிசனும் சேர்ந்து பாடி, அதன்மேல் இன்னும் இருமுறை பாடி, ஒன்பது குரல்களாக ஒலிக்கச் செய்திருந்தனர். மீள்கலவையில் வாத்தியங்கள் யாவும் நீக்கப்பட்டன. குரல்கள் மாத்திரம் எஞ்சின. முப்பத்தேழு ஆண்டுகளாக வாத்தியங்களோடு கலந்து ஒலித்த அக்குரல்களின் நயம் இப்பொழுது முழுமையாகப் புலப்படுகின்றது.

பலரும் வியந்து பேசும் இன்னொரு பகுதி, இரு பாடல்களை ஒன்றாக்கியதாகும். ஹரிசன் 1966-இல் பண்டிதர் ரவி சங்கரிடம் சித்தார் பயின்றவர். 1967-இல் இலண்டனிலிருந்த ஆசிய இசை வட்டத்தின் இந்தியக் கலைஞர்களைக் கொண்டு, தில்ரூபா, தபேலா, தம்புரா முதலிய வாத்தியங்கள் முழங்க ‘விதின் யூ விதவுட் யூ’ என்ற பாடலை அவர் பதிவுசெய்தார். அதற்கு முந்திய ஆண்டில் லெனன் பாடிய ‘டுமோறோ நெவர் நோஸ்’ என்ற பாடலோ முரசின் ஓயாத முழக்கத்தின்மீது எழுவது. லெனனுடைய பாட்டின் முழக்கத்தைக் கீழே நிறுத்தி, ஹரிசனின் குரலை அதன்மேல் மிதக்கவிட்டனர் மார்ட்டின்கள். இரண்டும் பிறவியிலேயே ஒரு பாட்டாக இருந்தனவோ என ஐயுறத்தக்கவாறு அவை இணைந்தன. இதன் இரகசியம் நம்மவர்க்கு எளிதில் விளங்கும். மேலைப் பாடல்கள் பெரும்பாலும் சுரக்கூட்டம் விட்டுச் சுரக்கூட்டம் மாறிச் செல்வன. இவ்விரு பாடல்களுமோ தம்புராவின் சுருதிபோல நிலைத்து நிற்கும் ஆதாரமொன்றைப் பற்றி நடப்பன. அடித்தளம் ஒத்திருந்தமையாற் கட்டடமும் ஒத்துநின்றது.

அதேபோல, ‘கெற் பக்’ என்ற பாடலுக்கு முன்னே, 1964-இல் வெளிவந்த வேறொரு பாடலின் புகழ்பெற்ற முதற் கிற்றார் ஒலியையும், 1969-இல் ஸ்டார் தனித்து வாசித்த முரசையும் வைத்தனர். ஐந்தாண்டு இடைவெளி ஒரு நொடியில் மறைகின்றது.

இது முறையோ?

பழைய இரசிகர் சிலர் சினந்தனர். முடிந்த படைப்பைத் தொடுதல் பாவம் என்றனர். அவர்கள் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. இளமையிற் கேட்ட பாட்டு, ஓர் ஒலி மாறினாலும் வேறு பாட்டாகவே தோன்றும். அன்றியும், மறைந்தவர் எழுந்துவந்து வேண்டாம் என்று தடுக்க இயலாது.

எனினும் ‘முடிந்த படைப்பு’ எது என்பதை ஆராயவேண்டும். 1966-இல் ‘ஸ்றோபரி ஃபீல்ட்ஸ் ஃபோரெவர்’ என்ற பாடலின் இரு வேறு பதிவுகளில், ஒன்றின் தொடக்கமும் மற்றையதன் முடிவும் லெனனுக்குப் பிடித்திருந்தன. இரண்டையும் ஒட்டித் தருமாறு அவர் மார்ட்டினைக் கேட்டார். இரண்டின் சுருதியும் வேறு, காலப்பிரமாணமும் வேறு. ஒன்றின் வேகத்தைக் கூட்டி, மற்றையதன் வேகத்தைக் குறைத்து, இரண்டையும் வெட்டி ஒட்டினர். அவ்வொட்டே இன்று உலகம் போற்றும் மூலமாயிற்று. மேலும், 1967-இல் வெளிவந்த ‘சார்ஜன்ற் பெப்பர்’ தொகுதிக்கு ஒற்றை ஒலிபெருக்கிக்கான கலவையை அந்நால்வரும் பல நாள் கவனித்துச் செய்வித்தனர். இரட்டை ஒலிபெருக்கிக்குரிய கலவையைக் கூடத்தாரிடமே விட்டுவிட்டனர். ஆனால் பின்வந்த தலைமுறைகள் கேட்டதோ பெரும்பாலும் இரண்டாவதையே. 2017-இல் கைல்ஸ் அத்தொகுதியை மீள்கலவை செய்தபோது, நால்வரும் கவனித்துச் செய்வித்த கலவையையே வழிகாட்டியாகக் கொண்டார். மீள்கலவை சில வேளைகளில் மூலத்தை விட்டு விலகுவதன்று. மூலத்தை நெருங்குவதே எனல் மிகையாகாது.

அன்னப்பறவையும் பொறியும்

இவ்விவாதம் இன்று புதிய வலுப்பெற்றுள்ளது. இரண்டு தடங்களிலோ ஒரே தடத்திலோ கலந்துவிட்ட ஒலிகளைப் பிரித்தல், சமைத்த கறியிலிருந்து உப்பைப் பிரிப்பது போன்று இயலாததென அண்மைக்காலம் வரை எண்ணப்பட்டது. 2021-இற் பீற்றர் ஜக்சன் வெளியிட்ட பீற்றில்ஸ் பற்றிய படத்துக்காக, அவருடைய குழுவினர் கணினியைப் பயிற்றி அதனைச் செய்துகாட்டினர். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம் நம் புலவர் பாட்டில் மாத்திரமே வாழ்ந்தது; இப்பொழுது அது பொறியாகி வந்துவிட்டது! லெனன் எழுபதுகளின் பிற்பகுதியிற் பியானோ வாசித்து வீட்டிலே பாடிவைத்த ‘நவ் அண்ட் தென்’ என்ற பாட்டை, மற்றை மூவரும் 1995-இல் நிறைவுசெய்ய முயன்று கைவிட்டிருந்தனர். பியானோ ஒலியிலிருந்து குரலைப் பிரிக்க முடியாமை ஒரு தடையாக இருந்தது. இப்புதிய முறையாற் குரல் பிரிக்கப்பட்டு, 2023 நவம்பர் 2-ஆம் நாள் அப்பாடல் வெளிவந்தது. அது கணினி புனைந்த குரலெனச் சிலர் மயங்கினர். அவ்வாறன்று, லெனன் பாடிய குரலே அது.

ஆயினும் பிரிக்கவல்ல பொறி புனையவும் வல்லது. ஒருவர் பாடாததை அவர் குரலிற் பாடவைக்கும் கருவி இன்று இளைஞர் கையிலேயே உள்ளது. பிரித்துக் கோப்பதற்கும் இல்லாததைப் படைத்து மறைந்தவர் வாயில் இடுவதற்கும் இடையிலுள்ள எல்லையை எவர் காப்பது? இதற்கு ‘லவ்’ தொகுதியைச் செய்தோர் நடந்துகொண்ட முறையே விடையெனக் கருதுகின்றோம். உரியவரின் இசைவைப் பெற்றனர், மூலத்தைக் காத்தனர், எதைச் சேர்த்தனர் என்பதை ஒளிக்கவில்லை.

அவர்கள் புதிதாகப் பதிவுசெய்து சேர்த்த இசை ஒன்றே ஒன்று. ஹரிசன் 1968-இல் தனிக் கிற்றாருடன் பாடிவைத்த ‘வைல் மை கிற்றார் ஜென்ட்லி வீப்ஸ்’ என்ற பாட்டின் மாதிரிப் பதிவுக்கு, ஜோர்ஜ் மார்ட்டின் தந்தி வாத்தியங்களின் துணையிசையை எழுதினார். ‘யெஸ்டர்டே’க்கு அவர் தந்தியிசை எழுதி அப்பொழுது நாற்பத்தொரு ஆண்டுகள் கழிந்திருந்தன. பீற்றில்ஸின் பாட்டுக்கு அவர் எழுதிய இறுதி இசை அது. அதிலே வாத்தியங்கள் குரலை மூடவில்லை. மறைந்துவிட்ட நண்பர் இன்னும் அருகிலிருந்து பாடுகின்றார் என்ற எண்ணத்துடன், அவர் மூச்சுவிடும் இடமறிந்து அவை ஒதுங்கி நடக்கின்றன.

2008-இல் இத்தொகுதிக்கு இரண்டு கிராமி விருதுகள் கிடைத்தன. லாஸ் வேகாஸ் நகரின் மிராஜ் விடுதியில், 6,000-க்கு மேற்பட்ட ஒலிபெருக்கிகள் பொருத்திய அரங்கிலே 2006 ஜூனில் தொடங்கிய காட்சி, 2024 ஜூலையில் முடிவுற்றது. அவ்விடுதியும் அதே மாதத்தில் மூடப்பட்டது. அதற்கு முன்பே, 2016 மார்ச்சில், ஜோர்ஜ் மார்ட்டின் தமது தொண்ணூறாவது வயதிற் காலமாகிவிட்டார். அரங்கம் போயிற்று, ஆக்கியோரும் ஒவ்வொருவராகப் போகின்றனர். நாடாக்கள் மாத்திரம் கூடத்திலே காக்கப்பட்டுள்ளன. அவற்றை நாளை எவர் கையில் எடுப்பினும், முதலில் ஒரு பிரதி எடுத்துவிட்டுத் தொடங்குவாராக.