தகரப் பெட்டியில் இருந்த சிவப்புக் கார்டு

"நான் பிறந்தது இந்த லயத்தில், எனக்கு எதற்கையா காகிதம்?" என்று நம் பெரியவர்கள் பலர் ஒரு காலத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சட்டம் அதற்கு வேறு பதில் சொன்னது.

பாரிட் புந்தார் வட்டாரம் நம்மவர்களுக்கு நேற்று வந்த இடமல்ல. கிரியான் மாவட்டத்தில் முதலில் கரும்பு வெட்டினோம். பிறகு பால்மரம் சீவினோம். 1957 ஆகஸ்டு 31-இல் நாடு விடுதலை பெற்றது. அன்று முதல் இங்கே பிறந்த குழந்தைகளுக்குக் குடியுரிமை தானாகவே கிடைத்தது. அதற்கு முன் பிறந்தவர்களில் பலரோ, இதே மண்ணில் பிறந்திருந்தும், மனுப் போட்டுத்தான் பெற வேண்டியிருந்தது. முதல் ஓராண்டுக்குள் மனுச் செய்தால் மலாய் மொழித் தேர்வுகூட இல்லை என்று சலுகையும் இருந்தது.

எத்தனை பேர் போனார்கள்? பட்டணத்துக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் சம்பளம் போச்சு. பிறப்புப் பத்திரம் பலரிடம் இல்லை. கிராணியைக் கேட்கக் கூச்சம். 'எப்படியும் ஒரு நாள் ஊருக்குப் போகத்தானே போகிறோம்' என்ற எண்ணம் வேறு. நீல அடையாளக் கார்டுக்கும் சிவப்பு அடையாளக் கார்டுக்கும் நிறத்தைத் தவிர வேறு வித்தியாசம் தெரியாமலே பத்தாண்டுகள் ஓடிவிட்டன. அவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லயத்து வாசலுக்கு வந்து விளக்கிச் சொல்ல வேண்டியவர்கள் எத்தனை பேர் வந்தார்கள்?

1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய வேண்டுமானால் பெர்மிட் எடுக்க வேண்டும். 1969 மே மாதக் கலவரத்துக்குப் பின் இது கடுமையாகவே அமலாயிற்று. பெர்மிட் குறிப்பிட்ட வேலைக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே. இருபது முப்பது வருஷம் ஒரே நிரையில் மரம் சீவியவருக்கும் அதே விதிதான். பெரிய தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்டு வேலை குறைந்திருந்த காலம் அது. அந்த நேரத்தில் இந்தக் கெடுபிடியும் சேர்ந்தது.

சுமார் 60,000 இந்தியத் தொழிலாளர்கள் நாட்டை விட்டுப் போனார்கள் என்பது கணக்கு. இந்தப் பக்கத்தவர்களுக்கு வழி தெரிந்ததே: ரயிலில் பட்டர்வொர்த், பெரியில் பினாங்கு, அங்கிருந்து ரஜூலா போன்ற கப்பலில் நாகப்பட்டினம் அல்லது சென்னை. தாத்தா சொல்லக் கேட்ட ஊரைத் தவிர வேறு ஊர் அறியாதவர்களும் அந்தக் கப்பல்களில் இருந்தார்கள். இலங்கை மலையகத்தில் 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தது. அங்கே இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசித் தலைகளை எண்ணின. இங்கே அவரவர் பெட்டியில் இருந்த கார்டின் நிறமே தீர்ப்புச் சொல்லிற்று.

இப்போது அந்தத் தோட்டங்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. பெர்மிட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் குலை வெட்டுகிறார்கள். அவர்களைப் பார்க்கும்போது நம் பாட்டன்மார் நினைவு வருகிறது.

பழைய கதை என்று விட்டுவிடவும் முடியாது. சிவப்புக் கார்டோடும் பத்திரமே இல்லாமலும் நம்மவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தாய் தந்தையரில் ஒருவர் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால் இங்கே பிறக்கும் பிள்ளைக்குக் குடியுரிமை என்பது நெடுநாள் விதி. 2024 அக்டோபரில் நாடாளுமன்ற மக்களவை நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தம், நிரந்தரவாசிகளின் பிள்ளைகளுக்கு இருந்த அந்தத் தானியங்கு உரிமையை நீக்குகிறது. அதே திருத்தம், வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்கு நன்மையும் செய்கிறது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிய கதை! சிவப்புக் கார்டுள்ள பெற்றோர் தங்கள் நிலை என்ன என்று பதிவிலாகாவில் நேரில் கேட்டுக்கொள்வது நல்லது. போகும்போது பெற்றோரின் கார்டு, திருமணப் பத்திரம், பிறப்புப் பத்திரம், பள்ளிக்கூடச் சான்று, பழைய தோட்டத்துச் சம்பளச் சீட்டு என்று வீட்டில் கிடைப்பதையெல்லாம் எடுத்துச் செல்லுங்கள். குழந்தை பிறந்தால் 60 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். அதற்கு மேல் போனால் தாமதப் பதிவு. கேள்விகளும் கூடும், நடையும் கூடும்.