நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமரா

ஓடும் வாகனத்தின் நம்பர் பிளேட்டைப் படமெடுத்து, பதிவெண்ணைத் தானாகவே படித்து, காவல்துறை தேடும் எண்களோடு ஒப்பிட்டுச் சொல்லும் கருவி ஏ.என்.பி.ஆர். கேமரா. அமெரிக்காவில் இது ஏ.எல்.பி.ஆர். எனப்படுகிறது. பிரிட்டிஷ் காவல்துறையின் அறிவியல் வளர்ச்சிப் பிரிவு 1976இல் இதை உருவாக்கியது. 1993இல் லண்டன் நகரின் நிதி மையத்தில் ஐ.ஆர்.ஏ. என்ற அயர்லாந்து ஆயுதக் குழு வைத்த லாரி வெடிகுண்டுக்குப் பிறகு அப்பகுதியின் நுழைவுச் சாலைகள் கண்காணிப்புக்குள் வந்தன. 1997இல் அங்கே இக்கேமராக்கள் பொருத்தப்பட்டன.

கேமராவோடு இணைந்த விளக்கு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசும். பிளேட்டின் பூச்சு அந்த ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புவதால், இருட்டிலும் பளிச்சென்ற பின்னணியில் எழுத்துகள் கறுப்பாகத் தெரியும். மென்பொருள் படத்தில் பிளேட் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, சாய்வை நேராக்கி, எழுத்துகளைத் தனித்தனியே பிரித்து அடையாளம் காணும். பிரிட்டிஷ் பிளேட்டுகளில் சுழியத்துக்கும் ‘ஓ’ எழுத்துக்கும் வடிவம் ஒன்றே. 2001 செப்டம்பர் முதல் வழங்கப்படும் பதிவெண்ணில் முதலில் இரண்டு எழுத்து, பிறகு இரண்டு இலக்கம், கடைசியில் மூன்று எழுத்து என்பது விதி. எனவே அந்த வடிவம் நிற்கும் இடத்தைக் கொண்டே எழுத்தா இலக்கமா என்று மென்பொருள் முடிவு செய்கிறது.

படித்த எண், திருடப்பட்ட, காப்பீடு இல்லாத, குற்றத்தோடு தொடர்புடைய வாகனங்களின் பட்டியலில் இருந்தால் காவலர்களுக்கு உடனே எச்சரிக்கை போகும். பட்டியலில் இல்லாத எண்ணும் இடம், நேரத்தோடு சேமிக்கப்படுகிறது. பிரிட்டனில் இப்பதிவுகளை ஓராண்டு வரை வைத்திருக்கலாம். ஒரு குற்றம் நடந்த பிறகு, சந்தேகத்துக்குரிய கார் எந்தெந்த வழியாகச் சென்றது என்று பின்னோக்கித் தேட இவை உதவுகின்றன.

கேமரா தவறாகவும் படிக்கும். 2009இல் சான் பிரான்சிஸ்கோவில் அது 3ஐ 7 என்று படித்தது. காவலர்கள் ஒரு பெண்ணின் காரை நிறுத்தி, துப்பாக்கி முனையில் அவருக்கு விலங்கிட்டனர். தேடப்பட்டதோ வேறு வகை வாகனம். படத்தையும் பட்டியலையும் மனிதக் கண்ணால் சரிபார்த்த பிறகே வாகனத்தை நிறுத்த வேண்டும் என்பது இதனால்தான்.

குற்றமே செய்யாதவர்களின் பயணமும் பதிவாவதால், எவ்வளவு காலம் சேமிக்கலாம் என்பதில் சட்டங்கள் வேறுபடுகின்றன. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், பட்டியலோடு பொருந்தாத பதிவு 3 நிமிடத்துக்குள் அழிக்கப்பட வேண்டும். ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2018இல் இன்னும் ஒரு படி மேலே சென்றது: பொருந்தாத எண்ணை உடனே அழித்துவிட்டாலும், அதைப் படித்து ஒப்பிடுவதே தனிமனித உரிமையில் தலையிடுவதுதான், தக்க காரணமின்றி அதைச் செய்யக்கூடாது என்று தீர்ப்பளித்தது.