குழந்தை மேல் குற்றமில்லை

வீட்டில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஒரு பெண் இருந்தால் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை. தீபாவளிக்குத் தைத்த பாவாடை பொங்கலுக்குள் கணுக்காலுக்கு மேலே ஏறிவிடுகிறது. முகத்தில் பரு முளைக்கிறது. "என்னடி?" என்று கேட்டால் கோபம், கேட்காமல் இருந்தால் அழுகை! "பருவம் அப்படி" என்று வீட்டுப் பெரியவர்கள் இரண்டே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.

அந்த இரண்டு வார்த்தையில் எவ்வளவு உண்மை இருக்கிறது தெரியுமா? நீரிழிவு கண்ட குழந்தைகளின் விஷயத்தில் அதைச் சோதித்து நிரூபிக்க, வைத்திய உலகத்துக்கு அறுபது வருஷத்துக்கு மேல் பிடித்தது. அதுவரையில் எத்தனையோ குழந்தைகள் செய்யாத குற்றத்துக்குத் திட்டு வாங்கினார்கள். அந்தக் கதை ஒவ்வொரு தாயாரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

பட்டினியே மருந்து!

சர்க்கரை வியாதி என்றவுடன் ஐம்பது வயது கடந்த மாமாவும், சர்க்கரை போடாத காப்பியும் நம் நினைவுக்கு வருகின்றன. குழந்தைகளுக்கும் அது வருவதுண்டு. ஆனால் அது பெரும்பாலும் வேறு வகை. நம் இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்ற உறுப்பு இருக்கிறது. அதில் இன்சுலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. ரத்தத்திலுள்ள சர்க்கரை, தசைக்குள் புகுந்து பலம் தருவதற்குக் கதவைத் திறந்துவிடுவது இந்த இன்சுலின்தான். சில குழந்தைகளின் உடலில், நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய காவல் படையே வழி தவறிப்போய், இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுகிறது. கதவு திறப்பார் இல்லை. ரத்தத்தில் சர்க்கரை வெள்ளமாக ஓட, குழந்தை பசியால் இளைக்கிறது!

1922-ஆம் வருஷத்துக்கு முன்னால் இதற்கு மருந்தே கிடையாது. அமெரிக்காவில் டாக்டர் பிரடெரிக் ஆலன் என்பவர் ஒரு முறையைக் கையாண்டார். குழந்தையைக் கிட்டத்தட்டப் பட்டினி போட்டு, சாவைச் சிறிது காலம் தள்ளிப்போடுவதுதான் அந்த முறை. அந்நாட்டின் வெளிநாட்டு மந்திரியாக இருந்த சார்லஸ் ஹ்யூஸின் மகள் எலிஸபெத்துக்கு 1919-ல் நோய் கண்டது. மூன்று வருஷம் அரைப் பட்டினி. 1922 ஆகஸ்டு மாதம் கனடாவிலுள்ள டொரான்டோ நகருக்கு அவளை அழைத்து வந்தபோது வயது பதினைந்து நிறையும் தறுவாய். எடையோ 45 பவுண்டு, அதாவது சுமார் 20 கிலோ!

அந்த டொரான்டோ நகரில்தான் முந்திய வருஷம் டாக்டர் பான்டிங்கும் அவருடைய உதவியாளர் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுக்கும் ஆராய்ச்சியில் வெற்றி கண்டிருந்தார்கள். 1922 ஜனவரியில் லெனார்டு தாம்ஸன் என்ற பதினாலு வயதுப் பையனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. எலிஸபெத்துக்கும் பான்டிங்கே ஊசி போட்டார். எலும்பும் தோலுமாக வந்த பெண் சதை பிடித்தாள், வளர்ந்தாள், கலியாணம் செய்துகொண்டாள், மூன்று குழந்தைகளுக்குத் தாயானாள். 1981-ல் தான் காலமானாள். எவ்வளவு பெரிய அற்புதம் பாருங்கள்!

பிழைத்தார்கள், பிறகு?

உயிர் பிழைத்த இந்தக் குழந்தைகளை வளர்த்து ஆளாக்குவது யார்? பாஸ்டன் நகரில் டாக்டர் ஜாஸ்லின் நடத்திவந்த வைத்தியசாலைக்கு 1924-ல் பிரிஸில்லா ஒயிட் என்ற இளம் பெண் டாக்டர் வந்து சேர்ந்தார். குழந்தைகளின் பொறுப்பு அவரிடம் வந்தது. ஐம்பது வருஷ காலம் அங்கேயே உழைத்து 1974-ல் ஓய்வு பெற்றார். குழந்தைகளின் நீரிழிவைப் பற்றி 1932-ல் புத்தகம் எழுதினார். தாம் வளர்த்த பெண்கள் பெரியவர்களாகிக் கர்ப்பம் தரித்தபோது அவர்களுடைய பிரசவத்தையும் கூடவே இருந்து கவனித்தார். 1960-ல் அவருக்குப் பான்டிங் பதக்கம் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் பெண்மணி அவர்தான்.

ஆனால் ஒரு புதிர் மட்டும் டாக்டர்களைத் துரத்திக்கொண்டே இருந்தது. எட்டு வயது, ஒன்பது வயது வரையில் ஒழுங்காக இருக்கும் சர்க்கரை, குழந்தை பருவமெய்தும் சமயத்தில் தறிகெட்டு ஓடுகிறது. அதே ஊசி, அதே சாப்பாடு. ஆனால் அளவு மட்டும் கட்டுக்கு அடங்குவதில்லை. ஏன்?

சுலபமான பதில் ஒன்று எல்லோருக்கும் கிடைத்தது. "திருட்டுத்தனமாக மிட்டாய் தின்றிருக்கிறாள். ஊசியை ஏமாற்றியிருக்கிறான். இந்த வயசில் பொய் சொல்லாத பிள்ளை உண்டா?" சில பிள்ளைகள் அப்படிச் செய்ததும் உண்மைதான். ஆனால் எதுவும் செய்யாத குழந்தையின் நிலைமையை யோசியுங்கள். வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, தினமும் ஊசி குத்திக்கொண்டு, கடைசியில் தாயாரிடம் "பொய் சொல்லாதே" என்ற வார்த்தையையும் கேட்டுக்கொண்டால் அந்தக் குழந்தையின் மனசு என்ன பாடுபடும்!

சந்தேகத்துக்கு இடம் தரும் இன்னொரு தடயம் தென் அமெரிக்காவில் கிடைத்திருந்தது. போனஸ் அயர்ஸ் நகரத்து விஞ்ஞானி பெர்னார்டோ ஹௌஸே நாய்களை வைத்துச் சோதனை செய்தார். மூளைக்கு அடியில் தொங்கும் பட்டாணி அளவுப் பிட்யூட்டரி சுரப்பியை எடுத்துவிட்டால் நாய்களின் நீரிழிவு தணிந்தது. அதாவது, அந்தச் சுரப்பியிலிருந்து வரும் ஏதோ ஒன்று இன்சுலினுக்கு எதிராக வேலை செய்கிறது! இதற்காக 1947-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. குழந்தையை வளரச் செய்யும் வளர்ச்சி ஹார்மோன் சுரப்பதும் அதே பிட்யூட்டரியில்தான். பருவ காலத்தில் அது பொங்கிப் பெருகுகிறது. அப்படியானால்...?

ஓட்டைத் தொட்டியும் குடமும்

சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு அல்லவா? இன்சுலின் ஓர் உடலில் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதை அளப்பது எப்படி? 1979-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் இதற்கு ஒரு வழியை விவரமாக எழுதி வெளியிட்டார்கள்.

அடியில் ஓட்டை விழுந்த தண்ணீர்த் தொட்டி ஒன்று உங்கள் வீட்டில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டை கண்ணுக்குத் தெரியவில்லை. தண்ணீர் மட்டம் இறங்காதபடி குடம் குடமாக ஊற்றிக்கொண்டே வருகிறீர்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை குடம் ஊற்றினீர்கள் என்று கணக்கிட்டால், ஓட்டை எவ்வளவு பெரிது என்று தெரிந்துவிடும். அதே யுக்திதான் இதுவும். ஒரு குழாய் வழியாக இன்சுலினை ஒரே சீராக ரத்தத்தில் செலுத்துவார்கள். அது சர்க்கரையைத் தசைக்குள் தள்ளும். ரத்தத்தில் சர்க்கரை மட்டம் இறங்காதபடி வேறொரு குழாயில் சர்க்கரை நீரை ஏற்றுவார்கள். சில நிமிஷங்களுக்கு ஒரு முறை ரத்தத்தைச் சோதிப்பார்கள். எவ்வளவு அதிகமாகச் சர்க்கரை ஏற்ற வேண்டியிருக்கிறதோ, அவ்வளவு நன்றாக இன்சுலின் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையில் ஸ்டெபனி அமியல் என்ற பெண் டாக்டரும், ஷெர்வின், டாம்பர்லேன் முதலிய டாக்டர்களும் இந்த முறையைக் குழந்தைகளிடம் கையாண்டார்கள். நீரிழிவு உள்ள குழந்தைகளை மட்டும் அல்ல, ஆரோக்கியமான குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். அங்கேதான் இருக்கிறது சாமர்த்தியம்! மிட்டாய் தின்றதாக யாரும் குற்றம் சாட்ட முடியாத குழந்தைகள் அல்லவா அவர்கள்?

1986-ல் முடிவு வெளியாயிற்று. நோய் இல்லாத குழந்தைகளிடமே, பருவ வயதில் இன்சுலினுடைய வேலைத் திறன் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது! நீரிழிவு உள்ளவர்களுக்கு இன்னும் குறைவு. வளர்ச்சி ஹார்மோன் எவ்வளவு அதிகமாக இருந்ததோ, இன்சுலின் அவ்வளவு சோர்ந்து போயிருந்தது.

ஆரோக்கியமான குழந்தைக்கு இதனால் கெடுதல் ஒன்றுமில்லை. அதன் கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடு கட்டிவிடுகிறது. அந்த உபரி இன்சுலின் தசை வளர உதவுகிறது என்று யேல் ஆராய்ச்சியாளர்கள் பிறகு எடுத்துக் காட்டினார்கள். பாவாடை குட்டையாகிற மர்மத்தில் இதற்கும் ஒரு பங்கு உண்டு! ஆனால் கணையம் ஓய்ந்துபோன குழந்தைக்கு ஈடு கட்ட யார் இருக்கிறார்கள்? ஊசி மருந்தின் அளவைக் கூட்டினால்தான் உண்டு.

1999-ல் வேறொரு ஆராய்ச்சி இன்னும் தெளிவாக்கியது. பருவம் தொடங்கியவுடனே இந்தச் சோர்வு தொடங்குகிறது. நடுவில் உச்சத்துக்குப் போகிறது. பருவ வளர்ச்சி முடிகிறபோது பெரும்பாலும் பழைய நிலைக்கே திரும்புகிறது. பையன்களைவிடப் பெண்களுக்கு அது சற்று அதிகம்.

இன்னொரு எச்சரிக்கை

யேலில் அமியலுடன் ஆராய்ச்சி செய்தவர்களில் ஸோனியா காப்ரியோ என்ற பெண்மணியும் ஒருவர். அளவுக்கு மீறிப் பருமனான குழந்தைகளை அவருடைய குழுவினர் சோதித்து, 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். நான்கிலிருந்து பத்து வயது வரையுள்ள 55 குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேருக்கும், பதினொன்றிலிருந்து பதினெட்டு வரையுள்ள 112 பேரில் நூற்றுக்கு 21 பேருக்கும், சாப்பிட்ட சர்க்கரையைச் சமாளிக்கும் சக்தி குறைந்திருந்தது. பெரிய பிள்ளைகளில் நூற்றுக்கு 4 பேருக்கு, யாருக்கும் தெரியாமலே நீரிழிவு வந்திருந்தது! இது பெரியவர்களுக்கு வருகிற இரண்டாவது வகை. பருமனே இன்சுலினைச் சோர வைக்கிறது. அதன் மேல் பருவமும் சேர்ந்துகொண்டால் கணையம் எத்தனை பாரத்தைத்தான் சுமக்கும்?

தாய்மார்கள் கவனத்துக்கு

குழந்தை அடிக்கடி தண்ணீர் கேட்கிறதா? இரவில் பல முறை எழுந்து சிறுநீர் கழிக்கிறதா? நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறதா? தாமதம் செய்யாமல் அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பருமனான குழந்தையின் பிடரியில் வெல்வெட்டுத் துணி போலக் கறுப்பு படர்ந்திருந்தால், அழுக்கு என்று பீர்க்கங்கூடு போட்டுத் தேய்க்காதீர்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது.

ஏற்கெனவே ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தையானால், பருவ வயதில் மருந்தின் அளவு ஏறுவதைக் கண்டு "வியாதி முற்றிவிட்டதே" என்று கலங்க வேண்டாம். அளவைக் கூட்டுவதும், வளர்ச்சி முடிந்த பிறகு ஜாக்கிரதையாகக் குறைப்பதும் டாக்டரின் பொறுப்பு. ஊசி போட்டால் பருமனாகிவிடுவோம் என்று பயந்து சில பெண்கள் ரகசியமாக ஊசியைத் தவிர்ப்பதுண்டு. இது உயிருக்கே ஆபத்து. திட்டுவதற்குப் பயப்படாத வீட்டில்தான் இப்படிப்பட்ட ரகசியம் வாய் விட்டு வெளியே வரும்.

"பருவம்தானே காரணம்?" என்று விட்டுவிடவும் கூடாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 1993-ல் முடிவு வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சியில், பதின்மூன்று முதல் பதினேழு வயதுள்ள 195 பிள்ளைகளும் இருந்தார்கள். எவ்வளவு கவனித்தும் அவர்களுடைய சர்க்கரை பெரியவர்களுடையதைவிடச் சற்று அதிகமாகவே இருந்தது. ஆனாலும் விடாமல் கட்டுப்படுத்தியதன் பலன் வீண் போகவில்லை. நீரிழிவினால் கண்ணுக்கு வரும் கெடுதல் அவர்களிடம் வெகுவாகக் குறைந்தது.

ஆகவே, நாளைக்குப் பரிசோதனைக் கருவியில் எண் கூடுதலாகக் காட்டினால், "என்ன தின்றாய்?" என்று முதலில் கேட்காதீர்கள். "வா, டாக்டரைக் கேட்டு அளவைச் சரி பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். ஊசியின் வலியைவிடச் சந்தேகத்தின் வலி பெரிது. அதைத் தீர்க்கிற மருந்து உங்கள் கையிலேயே இருக்கிறது.