இறைவாக்கினர்: பணியும் இன்றைய பாடமும்

இறைவாக்கினர் என்போர், இறைவனின் பெயரால் மக்களிடமும் மன்னரிடமும் பேசியவர்களாக விவிலியம் காட்டும் மனிதர்கள் ஆவர். பழைய தமிழ் மொழிபெயர்ப்புகளில் இவர்கள் தீர்க்கதரிசிகள் எனப்படுகின்றனர். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு இறைவாக்கினர் என்ற சொல்லை ஆள்கிறது.

சொல்லும் பொருளும்

தீர்க்கதரிசி என்றால் தொலைநோக்குடன் காண்பவர் என்று பொருள். இதனால் வருங்காலத்தைக் கணித்துச் சொல்பவரே தீர்க்கதரிசி என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. ஆனால் இவர்களைக் குறிக்கும் 'நாபி' என்ற எபிரேயச் சொல், இறைவனுக்காகப் பேசுபவரையே சுட்டுகிறது. வருங்காலத்தைப் பற்றி அவர்கள் சொன்னவற்றுள் பெரும்பகுதி எச்சரிக்கையே: இப்படியே நடந்தால் இது நேரும், மனம் திரும்பினால் தப்பலாம் என்பதே அதன் சாரம். நினிவே நகரம் மனம் திரும்பியதால் யோனா அறிவித்த அழிவு நிகழவில்லை என்கிறது விவிலியம்.

அவர்கள் செய்த பணி

தாவீது மன்னன் உரியாவின் மனைவியைக் கவர்ந்து, உரியாவையும் போர்முனையில் சாகவிட்டபோது, நாத்தான் ஓர் ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்லி மன்னனையே தீர்ப்புக் கூற வைத்தார். நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை ஆகாபு கைப்பற்றியபோது எலியா நேரில் சென்று கண்டித்தார். கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆமோஸ், தெக்கோவா ஊரின் ஆடு மேய்ப்பர். ஏழைகளை நசுக்கிக்கொண்டே விழா எடுப்பவர்களின் வழிபாட்டை இறைவன் வெறுக்கிறார் என்று அவர் முழங்கினார். பெத்தேல் ஆலயக் குரு அவரை ஊரைவிட்டுப் போகச் சொன்னார்.

பொய் இறைவாக்கினரும் இருந்தனர். எருசலேமுக்கு விரைவில் விடுதலை என்று அனனியா கூறியதை மக்கள் விரும்பினர். அடிமைத்தனம் நீளும் என்ற எரேமியாவோ பிறகு பாழுங்கிணற்றில் தள்ளப்பட்டார். ஆனால் எரேமியா சொன்னதே நடந்தது.

நம் பகுதியில் ஒரு சான்று

லிஸ்பனில் 1647இல் பிறந்த புனித அருளானந்தர் (ஜான் தெ பிரிட்டோ), 1673இல் இந்தியா வந்து, பண்டாரசாமிக் கோலத்தில் மறவர் சீமையில் பணியாற்றினார். 1686இல் பிடிபட்டுக் கொடிய சித்திரவதைக்கு உள்ளானார். இனி இங்கே போதிக்கக் கூடாது என்ற ஆணையுடன் விடுவிக்கப்பட்டு ஐரோப்பா சென்றவர், 1690இல் திரும்பி வந்தார்.

அரச குடும்பத்தைச் சேர்ந்த தடியத்தேவர் திருமுழுக்குப் பெற விரும்பியபோது, ஒரு மனைவியுடன் மட்டுமே வாழ வேண்டும் என்றார் அருளானந்தர். தடியத்தேவர் அதை ஏற்றார். விலக்கப்பட்டவர்களுள் ஒருவரான கடலாயி, கிழவன் சேதுபதியின் உறவினர். அவருடைய முறையீட்டைத் தொடர்ந்து, 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. 1947இல் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. ஏரோதின் முறையற்ற திருமணத்தைக் கண்டித்து உயிரிழந்த திருமுழுக்கு யோவானுடன் அவரை ஒப்பிடுவது வழக்கம்.

இந்நிகழ்வில் கடலாயியின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கணவரின் மனமாற்றத்துக்கான விலையை அவரும் செலுத்தினார். கைவிடப்பட்டோர் பக்கம் நின்ற ஆமோசின் குரலைக் கேட்பவர்கள் இதைக் கடந்து போக முடியாது.

இன்றைய பாடங்கள்

முதலாவது, வேலை கிடைக்கும், நோய் தீரும் என்று 'தீர்க்கதரிசனம்' கூறி காணிக்கை கேட்பவர்களை எடைபோட விவிலியமே அளவுகோல் தருகிறது. சொன்னது நிறைவேறாவிட்டால் அது இறைவாக்கு அல்ல என்கிறது இணைச்சட்ட நூல். கூலிக்கு ஏற்ப வாக்குரைப்போரை மீக்கா கண்டிக்கிறார்.

இரண்டாவது, இறைவாக்கினர் பெரும்பாலும் கண்டித்தது தம் சொந்த மக்களையே. தமிழகக் கிறித்தவரிடையே கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிப் பிரிவினை இருந்து வந்துள்ளது. அண்டை வீட்டாரின் குறையைப் பேசுமுன் இதைப் பேசுவதே ஆமோசின் வழி.

மூன்றாவது, நாத்தான், ஆமோஸ், எரேமியா போன்றோர் எவரையும் வாளால் பணியவைக்கவில்லை. உண்மையைச் சொல்லி, அதன் விளைவைத் தாமே ஏற்றனர். ஓரியூருக்குத் திருப்பயணம் செல்வோர் அங்குள்ள செம்மண்ணைப் பக்தியுடன் எடுத்துவருவர். தம் ஊரிலும் பங்கிலும் நடக்கும் அநீதியைக் கண்டு வாய் திறப்பதும் அந்தப் பக்தியைச் சேர்ந்ததே.