நிறுத்தினாதான் கடிக்கும்: ஜெர்க்பெய்ட்டும் நம்ம ஊர் விராலும்

ஹாஸ்டல்ல ராத்திரி யூடியூப் பார்க்கிறவங்க இதைப் பார்த்திருப்பீங்க. அமெரிக்காவுல ஒருத்தர் படகுல நின்னுக்கிட்டு ஒரு பிளாஸ்டிக் மீனை ஏரிக்குள்ள வீசுவார். ராடை ரெண்டு வெட்டு வெட்டுவார். அப்புறம் சும்மா நிற்பார். கொஞ்ச நேரத்துல ஒரு பெரிய பாஸ் மீன் வந்து கடிக்கும். அந்த பிளாஸ்டிக் மீனுக்குப் பேர்தான் ஜெர்க்பெய்ட். வசந்த காலத்துல பாஸ் பிடிக்கிறவங்க பெட்டியில இது கட்டாயம் இருக்கும்.

நம்ம காவேரியில பாஸ் கிடையாது. ஆனா விரால் இருக்கே! நான் பூதலூர்க்காரன். போன வருஷம் பங்குனியில ஒரு ஜெர்க்பெய்ட் வாங்கிக்கிட்டு ஊருக்குப் போனேன். சித்தப்பா அதைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன்டா தம்பி, தவளை கோத்துப் போட்டாலே யோசிச்சுத்தான் கடிக்கும். இந்தப் பொம்மையையா கடிக்கப் போவுது?"

கடிச்சுது. ஏன்னு சொல்றேன்.

இது எப்படி வேலை செய்யுது?

ஜெர்க்பெய்ட் பார்க்க ஒல்லியான கெண்டைக் குஞ்சு மாதிரி இருக்கும். வாய்க்குக் கீழ ஒரு சின்ன பிளாஸ்டிக் தகடு, அதை லிப்னு சொல்வாங்க. நூலை இழுத்தா தண்ணி இந்த லிப்பை அமுக்கும், லூர் கீழ இறங்கும். இழுத்த உடனே நூலைத் தளர்த்தணும். அப்போதான் லூர் தன் வேகத்துலயே ஒரு பக்கமா வழுக்கிப் போகும். அடுத்த இழுப்புக்கு மறுபக்கம் போகும். நூல் விறைப்பாவே இருந்தா நேர்கோட்டுலதான் வரும், எந்த மீனும் ஏமாறாது. இழுக்கிற வேலை ராடு நுனிக்கு. ரீல் தளர்ந்த நூலைச் சுத்த மட்டும்தான்.

அடுத்தது நிறுத்தம். நல்ல ஜெர்க்பெய்ட் நிறுத்தினா மேலயும் வராது, கீழயும் போகாது. நடுத்தண்ணியில அப்படியே நிற்கும். அடிபட்ட மீன் மூச்சு வாங்குற மாதிரி. பெரும்பாலான கடி அந்த நேரத்துலதான் விழும். பின்லாந்துல மீன்பிடிச்சுப் பிழைச்ச லௌரி ரபாலா கவனிச்சதும் இதைத்தான்: வேட்டை மீன் கூட்டத்துல தடுமாறுற குஞ்சைத்தான் குறி வைக்குது. 1936-ல அவர் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுத்தி வர்ற தகரத்தாளை ஒட்டி, உருக்கின ஃபோட்டோ நெகட்டிவைப் பூசித் தன் முதல் லூரைச் செஞ்சார். இன்னைக்கு ரபாலா உலகம் பூரா தெரிஞ்ச பிராண்டு.

அரிசி மணிக் கணக்கு

நடுத்தண்ணியில நிற்கணும்னா லூரோட எடையும் அது ஒதுக்குற தண்ணியோட எடையும் சமமா இருக்கணும். முதல் வருஷம் படிச்ச ஆர்க்கிமிடிஸ்தான். ஆனா இதுல ஒரு சிக்கல். 10 டிகிரியில ஒரு லிட்டர் தண்ணி 999.7 கிராம். 30 டிகிரியில 995.7 கிராம்தான். குளிர்த் தண்ணிக்குன்னு செஞ்ச 14 கிராம் லூரை நம்ம ஊர்த் தண்ணியில போட்டா மிதப்பு விசை சுமார் 0.06 கிராம் குறையும். ரெண்டு மூணு அரிசி மணி எடை. அது போதும், லூர் மெல்ல மூழ்கும்.

பெருமையா இதை மெக்கானிக்கல் நண்பன்கிட்ட காட்டினேன். "டேய், சூட்டுல பிளாஸ்டிக்கும் விரியும்ல? கன அளவு கூடினா மிதப்பும் கூடுமே"ன்னான். கணக்குப் போட்டா ஏபிஎஸ் பிளாஸ்டிக் விரியுறதும் கிட்டத்தட்ட அதே அளவுதான் வருது! ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சுடுது.

அதனால தியரியை ஓரமா வெச்சுட்டு ஒரு வாளியில குளத்துத் தண்ணி மொண்டு லூரைப் போட்டேன். வெறும் லூர் சரியா நின்னுச்சு. விரால் பல்லுக்குப் பயந்து நான் மாட்டியிருந்த வயர் லீடரோட போட்டா மூக்கு கவிழ்ந்து கீழ போச்சு. முன்பக்கக் கொக்கியை ஒரு சைஸ் சின்னதா மாத்தினேன், சரியாச்சு. நீங்களும் எதை மாட்டிப் பிடிக்கப் போறீங்களோ, அதை மாட்டியே டெஸ்ட் பண்ணுங்க.

அங்க குளிர், இங்க வெயில்

அமெரிக்காவுல வசந்த காலத் தொடக்கத்துல தண்ணி சில்லுனு இருக்கும். பாஸ் மந்தமா இருக்கும். அதனால பத்து செகண்டுக்கு மேலகூட நிறுத்துவாங்க. நம்ம கதை நேர் எதிர். மேட்டூரை ஜனவரி 28-ல மூடி ஜூன் 12-ல திறக்கிறது வழக்கம். இடையில புது ஆறுன்னு நாம சொல்ற கல்லணைக் கால்வாய் வத்திடும். மதகுக்குக் கீழயும் குட்டையிலயும் தேங்கின தண்ணியிலதான் மீன் ஒண்டிக் கிடக்கும். சூடான தண்ணியில ஆக்சிஜன் குறைவு. ஆனா விராலுக்குத் தலைக்குள்ளயே காத்தைச் சுவாசிக்க ஒரு உறுப்பு இருக்கு. அடிக்கடி மேல வந்து காத்தை விழுங்கிட்டுப் போகும். அந்தக் குமிழி தெரிஞ்ச இடத்தைத் தாண்டி வீசி, அது வழியா இழுத்துட்டு வாங்க. ரெண்டு வெட்டு, ஒரு செகண்ட் நிறுத்தம், மறுபடி ரெண்டு வெட்டு. காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி நல்லது.

ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் இருக்கிற இடத்துல ஜெர்க்பெய்ட் வேண்டாம். மூணு முள் கொக்கி மாட்டினா லூர் போச்சு. அங்க கொக்கி உள்ளே மறைஞ்சிருக்கிற ரப்பர் தவளைதான் சரி.

எப்போ வீசக் கூடாது?

இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். தண்ணி சூடாகும்போது பாஸ் இனப்பெருக்கத்துக்கு வரும். ஆண் பாஸ் கூடு கட்டி முட்டையையும் குஞ்சையும் காவல் காக்கும். கூட்டுப் பக்கம் எது வந்தாலும் பாயும். நம்ம விராலை எழுப்புறது மழை. புதுத்தண்ணி வந்ததும் குஞ்சு பொரிச்சு, செம்மஞ்சளா ஒரு பந்து மாதிரி மேல மிதக்குற குஞ்சுக் கூட்டத்துக்குக் கீழயே தாய் தகப்பன் சுத்தும்.

போன ஐப்பசி, தீபாவளி லீவுல குளத்து ஓரம் அப்படி ஒரு பந்தைப் பார்த்தேன். அதுக்கு நடுவுல வீசினேன். முதல் வீச்சுலயே ஒரு கிலோ விரால். துள்ளிக்கிட்டு வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன். சித்தப்பா மீனைப் பார்த்துட்டு, "குஞ்சோட இருந்துச்சா?"ன்னு மட்டும் கேட்டார். ஆமான்னேன். அவர் அன்னைக்குக் குழம்பு ஊத்திக்கல. மறுநாள் காலையில போய்ப் பார்த்தேன். அந்த ஓரத்துல செம்மஞ்சளா ஒண்ணுமே இல்ல.

அது என் லூருக்கு ஏமாறல. குஞ்சுகிட்ட எது வந்திருந்தாலும் அப்படித்தான் பாய்ஞ்சிருக்கும். அதைப் பிடிக்க லிப்பும் வேண்டாம், ஆர்க்கிமிடிஸும் வேண்டாம்.

இப்போ எனக்கு ரெண்டு ரூல். செம்மஞ்சள் தெரிஞ்சா ராடை மடக்கிட்டு வேற இடம் போயிடுவேன். மூணு முள்ளை எடுத்துட்டு ஒத்தை முள் மாட்டி, செதிலையும் பிளையரால நசுக்கிட்டேன்; வேண்டாத மீனை விடணும்னா சேதம் கம்மி. கொக்கி மாத்தினதால எடை மாறிடுச்சு. அதனால மறுபடியும் வாளியிலிருந்து ஆரம்பிச்சேன்.

இந்தப் பங்குனிக்கு சித்தப்பாவும் கூட வர்றேன்னு சொல்லியிருக்கார். பொம்மை அவர் கையிலதான் இருக்கும்.