படமும் தாயமும்

கண்ணுக்குக் காட்சியாகத் தோன்றும் ஒளிப்படம், கணினிக்கு எண்களின் அட்டவணையே. கறுப்பு வெள்ளைப் படத்தின் ஒவ்வொரு நுண்புள்ளியின் ஒளிர்வும் 0 முதல் 255 வரையுள்ள ஓரெண்ணாற் குறிக்கப்படும். அவ்வெண்கள் நிரையும் நிரலுமாக அமைந்து தாயமாகின்றன. 512 நிரையும் 512 நிரலுங் கொண்ட படத்தில் 262,144 எண்கள் உள. இத்தனையையும் சேமித்தல் வேண்டுமோ?

வேண்டியதில்லை என்பது ஏகபரிமாண அட்சரகணிதம் தரும் விடை. எத்தாயத்தையும் எளிய படலங்களின் கூட்டாகப் பிரிக்கலாம். ஒரு நிரலை ஒரு நிரையாற் பெருக்கி, தனிப்பெறுமானம் எனப்படும் ஓரெண்ணால் அதற்குப் பருமன் தரின் ஒரு படலம் பிறக்கும். இவ்வுண்மையை இத்தாலியரான பெல்திராமி 1873 இலும், பிரெஞ்சுக்காரரான ஜோர்தான் 1874 இலும் தனித்தனியே கண்டனர். பெரும் பெறுமானமுடைய படலங்களை மட்டும் வைத்து ஏனையவற்றைக் கழித்தால், அத்தனை படலங்களால் இயலும் தோராயங்களுள் வழுக்களின் வர்க்கக் கூட்டுத்தொகை மிகக் குறைந்தது அதுவே என எக்காட்டும் யங்கும் 1936 இல் நிறுவினர்.

அண்டைப் புள்ளிகள் பெரும்பாலும் ஒத்திருத்தலால், பெறுமானங்கள் விரைவிற் குறுகுகின்றன. 20 படலங்களை வைப்பின், ஒவ்வொன்றுக்கும் 512 + 512 + 1 ஆக, 20,500 எண்களே தேவை. இது முன்னைய தொகையின் பன்னிரண்டிலொரு பங்கினும் குறைவு.

ஆயினும், வழுவை அளப்பது கணிதம். பொருளை அறிபவன் மனிதன். பழைய நூலொன்றின் பக்கத்தைப் படமாக்கிச் சுருக்குங்கால், மெய்யெழுத்தின் புள்ளி மறைந்தாலும் வழுக்கணக்கு பெரிதும் மாறாது, சொல்லோ மாறிவிடும். பார்த்து மகிழும் படத்துக்குச் சில படலங்கள் போதும். ஆவணமாகப் பேணுவதற்கோ, எதுவும் கழியாத மூலப்படியே வேண்டும்.