பம்ப் மேல் ஈரத்துணி: பழைய கார் மலையேறும்போது நடப்பது என்ன?

மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவரிடம் ஒரு பிரீமியர் பத்மினி இருக்கிறது. சமவெளியில் குறையில்லாமல் ஓடும் வண்டி, குன்னூர் மலைப்பாதையில் பாதி ஏறியதும் இருமி இருமி நின்றுவிடுகிறதாம். பானெட்டைத் திறந்து, பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தால் மறுபடி கிளம்புகிறதாம். “முன்பெல்லாம் சித்திரை வெயிலில் மட்டும்தான் இப்படி. இப்போது மாசியிலேயே மக்கர் செய்கிறது. எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்தான் காரணமா?”

பழைய கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் இப்போது இதுதான் பேச்சு. இ20 ஊற்றினால் இன்ஜின் ஆறே மாதத்தில் போய்விடும் என்று ஒருவர் சொல்வார். ஒன்றுமே ஆகாது, எல்லாம் புரளி என்பார் இன்னொருவர். இரண்டையும் நம்ப வேண்டாம். எத்தனாலுக்கும் இந்த மக்கருக்கும் தொடர்பு உண்டு. ஆனால் அது பலரும் நினைக்கிற தொடர்பு அல்ல.

முதலில் பம்ப். பத்மினியில் அது இன்ஜின் பிளாக்கிலேயே திருகி வைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே சுழலும் கேம் தண்டு ஒரு நெம்புகோலை ஆட்ட, நெம்புகோல் ஒரு ரப்பர் சவ்வை இழுத்துவிட, பின்னால் டிக்கி அடியில் இருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோல் முன்னால் வருகிறது. இதில் இரண்டு சங்கடங்கள் இருக்கின்றன. கொதிக்கும் இன்ஜினோடு ஒட்டியிருப்பதால் பம்ப்பும் சுடுகிறது. அது பெட்ரோலைத் தள்ளுவதில்லை, உறிஞ்சுகிறது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் திரவம் சீக்கிரம் கொதிக்கும். பெட்ரோல் பல திரவங்களின் கலவை. அதன் லேசான பகுதிகள் 35, 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். மலையேற்றத்தில் இன்ஜின் சூடு ஏறுகிறது, வேகம் குறைவதால் காற்று வீசிக் குளிர்விப்பதும் குறைகிறது. போதாததற்கு, 1,850 மீட்டர் உயரத்திலுள்ள குன்னூரை நெருங்கும்போது காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. குழாய்க்குள் பெட்ரோல் கொதித்து, ஆவிக்குமிழி உண்டாகிறது. சவ்வு இழுக்கும்போது குமிழி விரிகிறது, விடும்போது சுருங்குகிறது. வால்வு திறக்கிற அளவுக்கு அழுத்தம் ஏறுவதே இல்லை. பம்ப் இயங்குகிறது, பெட்ரோல் நகரவில்லை. வேப்பர் லாக் என்பது இதுதான்.

இப்போது எத்தனாலுக்கு வருவோம். வேதியியலில் எனக்கு மிகப் பிடித்த விநோதங்களில் ஒன்று இங்கே ஒளிந்திருக்கிறது. தனி எத்தனால் எளிதில் ஆவியாகிற பொருள் அல்ல. அது கொதிக்க 78 டிகிரி வேண்டும். ஒரே வெப்பநிலையில் அதன் ஆவியழுத்தம் பெட்ரோலுடையதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. அப்படியானால் பெட்ரோலோடு அதைக் கலந்தால் ஆவியழுத்தம் குறையத்தானே வேண்டும்? குறைவதில்லை, கூடுகிறது! பத்து விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல், வெறும் பெட்ரோலைவிடவும் வேகமாக ஆவியாகிறது. சோம்பேறி ஒருவரைக் கூட்டத்தில் சேர்த்தால் மொத்தக் கூட்டமும் சுறுசுறுப்பாகிவிடுகிறது.

ஏன்? ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனால் மூலக்கூறுகள் ஒட்டுறவு மிகுந்த ஒரு குடும்பம். ஒவ்வொருவர் கையிலும் ஹைட்ரஜன் பிணைப்பு என்கிற பிடி இருக்கிறது. எல்லோரும் ஒரே வரிசையில் கைகோத்து உட்கார்ந்துவிட்டால் தாம்பூலம் வாங்கும்வரை யாரும் எழ மாட்டார்கள். தனி எத்தனால் எளிதில் ஆவியாகாததற்குக் காரணம் இதுதான். இப்போது அந்தக் குடும்பத்தைப் பிரித்து, மண்டபம் முழுக்க ஆளுக்கொரு மூலையில், முன்பின் தெரியாதவர்கள் நடுவே உட்காரவையுங்கள். பெட்ரோலின் ஹைட்ரோகார்பன்கள் கை நீட்டத் தெரியாதவர்கள். பேச்சுத் துணையில்லாத நம் எத்தனால்காரர் மொய் எழுதிய கையோடு வாசலைப் பார்த்து நடந்துவிடுவார். பக்கத்தில் இருந்தவர்களும் ஒட்டாத ஆள் நடுவே உட்கார்ந்திருப்பதால் நெளிந்து, அவர்களும் சீக்கிரமே எழுந்துவிடுகிறார்கள். குடும்பத்திலிருந்து மண்டபத்துக்கு வந்தவர்கள் கூடக் கூட, இருக்கைகளுக்கிடையே ஒருவரையொருவர் கண்டுபிடித்து மறுபடி கைகோக்கத் தொடங்குவார்கள், வெளிநடப்பு குறையும். அதனால்தான் ஆவியழுத்தம் 10 விழுக்காட்டுக்கு அருகிலேயே உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்ல இறங்குகிறது. இந்த மண்டபத்துக்குள் தண்ணீர் என்கிற அத்தை வந்துவிட்டால் கதை வேறு. தண்ணீருக்கும் அதே பிடி உண்டு. குடும்பம் மொத்தமும் மற்றவர்களை விட்டுவிட்டு அத்தையைச் சுற்றி ஒரே இடத்தில், மண்டபத்தின் அடித்தளத்தில் போய் உட்கார்ந்துவிடும். அந்த அத்தையிடம் பிறகு வருகிறேன்.

இதை எண்ணிலும் பார்க்கலாம். பெட்ரோலில் இருக்கும் பொருள்களில் ஒன்றான ஹெக்சேன் 69 டிகிரியில் கொதிக்கும். எத்தனால் 78. இரண்டையும் சரியான விகிதத்தில் கலந்தால் கலவை கொதிப்பது ஏறத்தாழ 59 டிகிரியில்; இருவரில் யாருடைய கொதிநிலையையும்விடக் கீழே. வண்டியை நிறுத்தியபின் பானெட்டுக்குள் சர்வசாதாரணமாக ஏறும் வெப்பநிலை இது. டீக்கடை ஓரம் நிறுத்தி, குடித்துவிட்டு வந்து சாவியைத் திருகினால் பழைய கார் முரண்டு பிடிப்பதும் இதனால்தான். இன்ஜின் நின்றதும் தண்ணீரும் விசிறியும் நின்றுவிடுகின்றன; அடக்கிவைத்த சூடு மேலேறி கார்புரேட்டரின் கிண்ணத்தில் உள்ள பெட்ரோலைக் கொதிக்க வைத்துவிடுகிறது.

ஆகவே வாசகருக்குப் பதில்: எத்தனால் காரணம்தான், ஆனால் 20 என்கிற எண் அல்ல. நாடு முழுவதும் சராசரி பத்து விழுக்காட்டை 2022-லேயே தொட்டுவிட்டது. ஆவியாகிற குணத்தைப் பொறுத்தவரை பாதிப்பு அன்றே வந்துவிட்டது. நேற்றுவரை நன்றாக இருந்து இன்று நின்றால், எத்தனாலை மட்டும் குற்றம் சொல்லாமல் பம்ப் சவ்வையும், டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாயையும் பாருங்கள். உறிஞ்சும் பக்கத்தில் ஒரு நுண்ணிய விரிசல் இருந்தால் போதும், பெட்ரோலுக்குப் பதில் காற்று உள்ளே வரும்.

புதிய கார்களுக்கு இந்தத் தொல்லை ஏன் இல்லை? பம்ப் டேங்குக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. அது பெட்ரோலை உறிஞ்சுவதில்லை, சுமார் மூன்று பார் அழுத்தத்தில் முன்னே தள்ளுகிறது. பிரஷர் குக்கரைப் போல, அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஃபியட் 1100 என்ற பெயரில் ஓடிய வண்டி 1970களில் பத்மினி ஆனது. 2000 வாக்கில் உற்பத்தி நின்றது. மும்பையின் கடைசி பத்மினி டாக்ஸிகள் 2023 அக்டோபரில் ஓய்வுபெற்றன. அம்பாசடர் 2014 வரை வந்தது. இந்த வண்டிகள் எத்தனால் கலந்த பெட்ரோலை மனதில் வைத்து வடிவமைக்கப்பட்டவை அல்ல.

மைலேஜ் குறைகிறது என்பது உண்மையா? காகிதம், பென்சில் போதும். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்றால் இழப்பு ஏறத்தாழ ஆறு, ஏழு விழுக்காடு. நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையும், எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கென வடிவமைத்து 10 விழுக்காட்டுக்கு ஏற்பச் சீர்செய்த கார்களுக்கு இதே அளவைத்தான் சொல்கிறது. இழந்த ஆற்றலை எந்தப் பாட்டிலில் வரும் டானிக்கும் திருப்பித் தராது. பெட்ரோல் குழாயில் காந்தம் மாட்டினால் மைலேஜ் கூடும் என்று விற்பவர்களிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஈரத்துணியோ முழுக்க முழுக்க அறிவியல்: ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தைப் பம்ப்பிலிருந்து கொண்டுபோகிறது. காற்று உலர்ந்த கோவைப் பக்கம் இது நன்றாக வேலை செய்யும். சென்னைப் புழுக்கத்தில் குறைவாக.

நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் டேங்க் அருகே கார்புரேட்டருக்கென்றே உள்ள குறைந்த அழுத்த மின்சாரப் பம்ப்பைப் பொருத்துங்கள். புதுக் காரின் பம்ப்பைக் கழற்றி மாட்டிவிடாதீர்கள். அந்த அழுத்தத்தைக் கார்புரேட்டரின் ஊசி தாங்காது, பெட்ரோல் வழியும். எத்தனாலில் ஏற்கெனவே ஆக்ஸிஜன் இருப்பதால் கலவைக்குக் காற்று குறைவாகவே போதும்: வெறும் பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு, இ20-க்கு 13.5 அருகே. புதுக் கார் இதை உணர்ந்து தானே சரிசெய்யும். கார்புரேட்டரின் துளை அளவோ மாறாதது. வண்டி இழுவை இல்லாமல் திணறினால், மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக மாற்றச் சொல்லி விவரமறிந்த மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

அத்தைக்கு வருவோம். மாதக்கணக்கில் ஓட்டாமல் ஷெட்டில் நிறுத்துகிறீர்கள் என்றால் டேங்கை நிரப்பியே வையுங்கள். காலி இடம் அதிகமானால் மழைக்காலக் காற்றின் ஈரம் உள்ளே இறங்கும். தாங்குகிற அளவைத் தாண்டிவிட்டால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனிப்படலமாகப் படியும். பெட்ரோல் எடுக்கும் குழாயின் வாயும் அங்கேதான் இருக்கிறது. டேங்க் துருப்பிடிக்கத் தொடங்கும் இடமும் அதுவே.

எல்லாவற்றையும்விட முக்கியம் ரப்பர் குழாய்கள். பழைய ரப்பர் எத்தனாலில் ஊறி உப்பி, பிறகு வெடிப்பு விடும். சூடான சைலன்சர் குழாய்மேல் சொட்டும் பெட்ரோல் காரையே எரித்துவிடும். எத்தனாலைத் தாங்கும் ஃப்ளூரோ ரப்பர் குழாய்கள் கடைகளில் கிடைக்கின்றன. உங்கள் வண்டியில் குழாய் மாற்றிய வருடம் நினைவில் இல்லையென்றால், அடுத்த பயணத்துக்கு முன் மாற்றிவிடுங்கள். சீட்டுக்கு அடியில் ஒரு தீயணைப்பான் இருக்கட்டும்.